இது பேசித் தீர்க்கிற விஷயமல்ல

முறைப்பாட்டுப் பெட்டியை எங்கே மாட்டியிருக்கிறீர்கள்? எந்தச் சபைக்குப் போனாலும் டீச்சர் முதலில் கேட்பது இதைத்தான். பதில் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: ஆலய வாசலில், காணிக்கைப் பெட்டிக்குப் பக்கத்தில். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தோட்டமே நின்று கதைக்கிற இடம் அது. சாவி பங்குத் தந்தையிடமோ பாஸ்டரிடமோ சபைச் செயலாளரிடமோ இருக்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அத்தனை பேர் பார்க்க அங்கே போய், தனக்கு நடந்ததை எழுதிப் போட வேண்டும். யாரைப் பற்றி எழுதியதோ அந்த ஆளே பெட்டியைத் திறக்கவும் கூடும். “பெட்டி எப்பவும் காலியாத்தான் இருக்கு டீச்சர், இங்க அப்படிப் பிரச்சினை ஒண்ணும் இல்ல” என்று சபையார் நம்பிக்கையோடு சொல்வார்கள். டீச்சருடைய வேலை அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

நானுஓயாவில் அவரை எல்லாரும் டீச்சர் என்றே கூப்பிடுகிறார்கள். பெயரை இங்கே எழுதவில்லை. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் அவரிடம் வந்த பிள்ளைகளை ஊர் கண்டுபிடித்துவிடும். தோட்டப் பாடசாலையில் படிப்பித்தவர், ஞாயிறு மறைக்கல்வி எடுத்தவர். பிறகு சபை வேறுபாடு பாராமல், கத்தோலிக்க ஆலயம் முதல் பெந்தெகொஸ்தே ஜெப வீடு வரை, சிறுவர் பாதுகாப்புப் பயிற்சி நடத்தி வருகிறார். முறைப்பாடு ஒன்று வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்து நிற்கிற சபைகள் அழைப்பதும் அவரைத்தான். பல நேரம் காலம் கடந்து அழைக்கிறார்கள்.

சுற்றுலாப் பயணிகளுக்கு நானுஓயா என்றால் 1885-இல் திறந்த ரயில் நிலையம், நுவரெலியாவுக்குப் போக இறங்கும் இடம். நிலையமே கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேலே இருக்கிறது. சுற்றிலும் தேயிலை மலைகள், மலைகளுக்கு இடையே தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள். விடிந்ததும் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டு. அம்மா மலைக்குப் போய்விடுவார். கைப்பிள்ளை பிள்ளைக் காம்பராவுக்கு, பெரிய பிள்ளை பாடசாலைக்கு. பாடசாலை விட்ட பிறகு, அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வீடு திரும்பும் வரைக்கும் அந்தப் பிள்ளைக்குப் போக்கிடம் எது? பல தோட்டங்களில் ஆலயம்தான். பாட்டுப் பயிற்சி அங்கே, காசு வாங்காத டியூஷன் அங்கே, விடுமுறை முகாம் அங்கே. அம்மா மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போயிருக்கும் வீடுகளில் பாட்டிக்கு இருக்கிற ஒரே ஆறுதலும் அதுதான்: பிள்ளை கோயிலில் இருக்கிறது, பயமில்லை.

இந்த நம்பிக்கை சும்மா வந்ததல்ல. 1850களில் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் காலத்திலிருந்தே தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்ததில் திருச்சபைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. துரையிடம் பேச முடியாததை ஃபாதர் போய்ப் பேசுவார். அடையாள அட்டைக்குப் படிவம் நிரப்புவார். மகளுக்கு ஹட்டனிலோ கண்டியிலோ விடுதிப் பாடசாலை பார்த்துக் கொடுப்பார். அவர்மீது, அல்லது அவர் வைத்த உபதேசியார்மீது, ஒரு பிள்ளை வாய் திறந்தால் அந்தக் குடும்பம் இழப்பது ஒரு மனிதரின் தயவை மட்டுமல்ல. ஞானஸ்நானம், கல்யாணம், சாவு, பாடசாலை என்று எல்லாமே ஒரே வாசல் வழியாக வருகிற வாழ்க்கையில், அந்த வாசலையே இழக்கிறது.

அதோடு செலவும் இருக்கிறது. பொலிஸுக்குப் போனால் அன்றைக்குப் பேர் விழாது, அந்த நாளின் சம்பளம் போய்விடும். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாவைத் தொட்டதே 2021-இல், நெடுங்காலப் போராட்டத்துக்குப் பிறகுதான். பொலிஸுக்கு ஒரு நாள், வைத்திய பரிசோதனைக்கு நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள், நீதவான் நீதிமன்றத்துக்கு ஒரு நாள். இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் “ஏன் உடனே சொல்லவில்லை?” என்று ஒரு தாயைக் கேட்பவர்களிடம் டீச்சருக்குப் பொறுமை கிடையாது. நிறுவனங்களில் நடந்த சிறுவர் பாலியல் துஷ்பிரயோகம் பற்றி விசாரித்த அவுஸ்திரேலியாவின் அரச ஆணைக்குழு 2017 டிசம்பரில் தன் இறுதி அறிக்கையைக் கொடுத்தது. அந்த ஆணைக்குழுவிடம் வந்து பேசியவர்கள் தமக்கு நேர்ந்ததை முதன்முதலில் ஒருவரிடம் சொல்லவே சராசரியாக 23.9 ஆண்டுகள் எடுத்திருந்தார்கள். பஸ்ஸும் தொலைபேசியும் சட்டத்தரணியும் கைக்கெட்டும் நாட்டிலேயே அவ்வளவு காலம் என்றால், லயத்துப் பிள்ளை எத்தனை காலம் எடுக்கும் என்று அவர் பயிற்சி வகுப்பில் கேட்பார். யாரும் பதில் சொல்வதில்லை.

பிள்ளை சொல்வது முறைப்பாடு போலவும் இருக்காது. “அந்த அண்ணன் வகுப்புக்கு இனிப் போகல” என்று சொல்லும். வயிற்றுவலி என்று படுக்கும். பாட்டுக் குழுவை விட்டுவிடும். “புள்ள ரெண்டு நாளா சோறு திங்கல டீச்சர், பேய் புடிச்சிருக்குமோ?” என்று ஒரு தாய் வந்து கேட்பார். அந்தத் தாய் கேட்பதை முழுதாகக் கேட்டு, பிறகு பிள்ளையோடு சாவகாசமாக உட்காருவதுதான் இந்த வேலையின் பாதி. பிள்ளை பேசத் தொடங்கினால் குறுக்கே கேள்வி போடக் கூடாது. “அவர் உன்னை இங்கே தொட்டாரா?” என்று கேட்பது பெரும் பிழை, பதிலை நாமே பிள்ளையின் வாயில் வைக்கிறோம். “பிறகு என்ன நடந்தது?” போதும். “யாருக்கும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியம் செய்து கொடுக்கக் கூடாது, ஏனென்றால் சொல்லத்தான் போகிறோம். டீச்சர் சொல்வது இவ்வளவுதான்: “நீ சொன்னது நல்ல காரியம் கண்ணு. உன் மேல தப்பில்ல. உதவி செய்யக்கூடியவங்களுக்கு மட்டும் நான் சொல்லுவேன்.” பிள்ளை போன பிறகு, அது சொன்ன சொற்களை அதே கொச்சையோடு, திருத்தாமல், திகதியும் நேரமும் போட்டு எழுதிக் கையெழுத்திடுவார். நல்ல தமிழில் மாற்றி எழுதினால் அது டீச்சரின் வாக்குமூலம் ஆகிவிடும்.

சபைகள் தவறுவது இதற்கடுத்த இடத்தில். செய்தி கிடைத்ததும் கமிட்டி கூடுகிறது. “ரெண்டு பேரையும் கூப்பிட்டு விசாரிப்போம்” என்கிறார் ஒரு மூப்பர். பிள்ளையை ஒரு பக்கமும் குற்றம் சாட்டப்பட்டவரை எதிர்ப் பக்கமும் உட்கார வைத்து, பெரியவர்கள் சுற்றி இருந்து கேள்வி கேட்கிறார்கள். அநேகமாக அவர்கள் கெட்டவர்கள் அல்லர். குடும்பச் சண்டையையும் கடன் தகராறையும் தோட்டத் தலைவர் பேசித் தீர்ப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஆனால் அந்த அறையில் நடப்பது மூன்று காரியம். பிள்ளை பயந்து சொன்னதை மாற்றிச் சொல்லும். குற்றம் செய்தவருக்குத் தன்னைப் பற்றி என்ன தெரிந்திருக்கிறது என்பது முழுதாகத் தெரிந்துவிடும். மறுநாள் பொலிஸ் வந்தால் அவர்களுக்குக் கிடைப்பது கலங்கிய வாக்குமூலம்.

இலங்கைச் சட்டம் இதை யோசித்திருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் 32-ஆம் இலக்கச் சட்டத்தின்படி, துஷ்பிரயோகத்துக்குள்ளான பிள்ளையின் ஆரம்ப வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து நீதிமன்றத்தில் சாட்சியமாக முன்வைக்கலாம். பிள்ளை அதே கதையைப் பத்துப் பேரிடம் பத்துத் தடவை சொல்லி உடையக் கூடாது என்பதே நோக்கம். கமிட்டி கூடிக் கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் அந்தப் பாதுகாப்பில் ஓட்டை போடுகிறது.

“விசாரிக்க வேண்டியது நீங்களல்ல.” பயிற்சி வகுப்பில் டீச்சர் திரும்பத் திரும்பச் சொல்லும் வாக்கியம் இது. சபையின் வேலை கேட்பது, எழுதுவது, அன்றைக்கே கையளிப்பது. யாரிடம்? 1998-ஆம் ஆண்டின் 50-ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் இருக்கிறது. பொலிஸ் நிலையத்தில் சிறுவர், பெண்கள் பிரிவு இருக்கிறது. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். நன்னடத்தை உத்தியோகத்தர் இருக்கிறார். நேரே பொலிஸுக்குப் போகிறவர்களுக்கு அவர் இன்னொன்றும் சொல்லி அனுப்புவார்: வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள், முடியாதென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், படித்துக் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். மொழிகள் பற்றிய அரசியலமைப்பின் 16-ஆவது திருத்தம் 1988-இல் வந்த பிறகும் மலையகத்தில் இதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

“உடலுறவு நடக்கலியே, தொட்டதுக்கா பொலிஸ்?” என்ற கேள்வியும் தவறாமல் வரும். 1995-இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டபோதே பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் தனிக் குற்றமானது. உடலுறவு இல்லாத செயல்களும் அதற்குள் அடங்கும்; 20 ஆண்டு வரை சிறை. இரு தரப்பும் சமாதானமாகப் போய் முடித்துக்கொள்ளக்கூடிய குற்ற வகையல்ல அது. பிள்ளையின் வீட்டுக்கு அரிசியும் பைபிளுமாகப் போய், முறைப்பாட்டை வாபஸ் வாங்கும்படி மிரட்டுகிறவர் தாமும் குற்றவாளியாகலாம். பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்குமான பாதுகாப்புச் சட்டம் 2015-இல் வந்து, 2023-இல் 10-ஆம் இலக்கச் சட்டமாகப் புதுப்பிக்கப்பட்டது எதற்காக? இந்த இடத்தில் வகுப்பில் சில மூப்பர்களின் முகம் மாறும். அந்த மாற்றத்தை டீச்சர் குறித்துக்கொள்வார்.

உள்ளுக்குள்ளே முடிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அவர் எடுக்கும் உதாரணங்கள் தூரத்துக் கதைகள்போலத் தொடங்கி வீட்டுக்குள் வந்து நிற்கும்.

முதல் கதை ஊட்டியுடையது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்த மலைகளிலிருந்து ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறிப் போனவர்களில் பலர் கோத்தகிரியிலும் கூடலூரிலும் மறுபடி தேயிலைக்கே போய்ச் சேர்ந்தார்கள். அங்கே உறவுக்காரர் இல்லாத லயம் இங்கே குறைவு. அந்த ஊர்கள் இருக்கும் நீலகிரியைக் கொண்ட உதகை மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஜோசப் பழனிவேல் ஜெயபால் என்ற குரு, 2004-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பணிக்குப் போனார். அங்கே பதின்வயதுப் பெண்பிள்ளைகளைத் துஷ்பிரயோகம் செய்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தபோது அவர் இந்தியா திரும்பியிருந்தார். அமெரிக்காவில் வழக்கு நிலுவையில் இருக்க, 2010-இல் அவர் ஊட்டி ஆயர் அலுவலகத்தில் மறைமாவட்டப் பள்ளிகளுக்கான ஆசிரியர் நியமனக் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2012-இல் கைதானார், 2014-இல் அமெரிக்காவுக்கு ஒப்படைக்கப்பட்டார், 2015-இல் ஒரு குற்றச்சாட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஓர் ஆண்டும் ஒரு நாளும் தண்டனை. முன்பே சிறையிலிருந்த காலம் அதில் கழிந்தது. ஊர் திரும்பினார். 2016 தொடக்கத்தில் அவர்மீதிருந்த பணித் தடையை மறைமாவட்டம் நீக்கியது.

இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் டீச்சர் தீர்ப்பு எதுவும் சொல்வதில்லை. “உங்க சித்தி மக கோத்தகிரியில இருக்கா இல்லையா? அவ புள்ள படிக்கிற பள்ளிக்கூடத்து ஃபைல் யார் கையில இருந்துச்சு பாருங்க” என்பார். மாற்றல் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிற சபைக்கு அது போதும். மாற்றல் போகிற இடத்திலும் லயம் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இரண்டாவது கதை இங்கிலாந்தில் தொடங்கினாலும், நுவரெலியா பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்குப் போகிறவர்களுக்கு நேரடி உறவுள்ளது. அங்கிலிக்கன் சபையான இலங்கைத் திருச்சபை கன்டர்பரி பேராயரையே தன் உயர் பேராயராகக் கொண்டது. அந்தப் பதவியிலிருந்த ஜஸ்டின் வெல்பி 2024 நவம்பர் 12-ஆம் திகதி பதவி விலகலை அறிவித்தார். காரணம், ஜோன் ஸ்மித் என்பவரைப் பற்றிச் சில நாட்களுக்கு முன் வெளியான மேக்கின் அறிக்கை. சட்டத்தரணியான ஸ்மித், கிறிஸ்தவ முகாம்களுக்கு வந்த பையன்களையும் இளைஞர்களையும் தேர்ந்தெடுத்துத் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் இரத்தம் வரப் பிரம்பால் அடித்தவர். முகாம் நடத்தியவர்களுக்கு 1982-இலேயே எழுத்து அறிக்கை கிடைத்துவிட்டது. பொலிஸுக்குப் போகவில்லை. 1984-இல் ஸ்மித் சிம்பாப்வேக்குப் போனார். அங்கும் முகாம்கள், அங்கும் பையன்கள். 1992-இல் அவருடைய முகாமில் 16 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். பாதிக்கப்பட்டோர் நூறு பேருக்கு மேல். 2018-இல் தென்னாபிரிக்காவில் ஸ்மித் இறக்கும் வரை எந்த நீதிமன்றத்திலும் அவருக்குத் தண்டனை கிடைக்கவில்லை. அந்த எழுத்து அறிக்கை, ஊழியத்தின் பெயர் கெடக் கூடாது என்று 1982-இல் பூட்டி வைத்த தாள்.

கேரளத்துக் கொட்டியூர்க் கதையைச் சொல்லும்போது டீச்சருடைய குரல் மாறிவிடும். 16 வயதுப் பிள்ளை 2017-இல் பிரசவித்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டுபோய் வேறு மாவட்டத்து அனாதை இல்லத்தில் சேர்த்தார்கள். குற்றவாளி யார் என்ற கேள்விக்குப் பிள்ளையின் சொந்தத் தகப்பனே, தான்தான் என்று முதலில் சொன்னார். சைல்டுலைன் என்ற சிறுவர் உதவித் தொலைபேசிக்கு வந்த ஒரு தகவலால்தான் விஷயம் வெளியே வந்தது. பங்குத் தந்தையும் பள்ளி மேலாளருமான ராபின் வடக்கஞ்சேரி கைதானார். விசாரணையில் பிள்ளையும் பெற்றோரும் பிறழ்சாட்சியானார்கள். மரபணுப் பரிசோதனை உண்மையைச் சொன்னது. 2019 பெப்ரவரியில் தலச்சேரி நீதிமன்றம் 20 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. 2021-இல் கேரள உயர் நீதிமன்றம் அதைப் பத்தாகக் குறைத்தது. ஆலயத்தின் மானத்தைக் காக்க ஓர் ஏழைத் தகப்பன் அந்தப் பழியைத் தலையில் ஏற்றுக்கொண்டார். அந்தத் தகப்பனைத் தமக்குத் தெரியும் என்பார் டீச்சர். இந்தத் தோட்டங்களிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

வேத வசனம் காட்டி வாதிடுகிறவர்களும் உண்டு. சகோதரன் குற்றம் செய்தால் முதலில் தனியே போய்ப் பேசு என்று சொல்கிற மத்தேயு 18-ஆம் அதிகாரம்தான் அவர்களுடைய ஆதாரம். டீச்சர் அதை மறுப்பதில்லை. அதே அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசிக்கச் சொல்வார். சிறியவர்களுக்கு இடறல் செய்கிறவனைப் பற்றி இயேசு சொன்ன கடுமையான எச்சரிக்கை அங்கேதான், அந்தப் பகுதிக்கு முன்னாலேயே இருக்கிறது. பாவசங்கீர்த்தன இரகசியம் பற்றிக் கேட்கிற கத்தோலிக்கர்களுக்குப் பதில் வேறு. அந்த இரகசிய முத்திரை அருட்சாதனத்துக்குள் சொன்னதற்கு மட்டும்தான். மறைக்கல்வி வகுப்பில், முற்றத்தில், தொலைபேசியில் பிள்ளை சொன்னதற்கு அது பொருந்தாது. போப் பிரான்சிஸ் 2019 மே மாதம் வெளியிட்ட சட்டம், இப்படித் தெரியவந்ததைக் குருக்களும் துறவிகளும் தம் மேலதிகாரிக்கு அறிவித்தே ஆக வேண்டும் என்கிறது. முறைப்பாடு செய்தவரை வாய் மூடி இருக்கச் சொல்லவும் கூடாது. நாட்டுச் சட்டத்தின் கடமைகளும் குறையாது. 2023-இல் அதைப் புதுப்பித்தபோது, அங்கீகாரம் பெற்ற பொதுநிலையினர் இயக்கங்களின் தலைவர்களையும் சேர்த்தார்கள். அங்கிலிக்கன் உலக ஆலோசனை மன்றமும் 2019-இல் ஹொங்கொங்கில் பாதுகாப்பு வழிகாட்டியை ஏற்றது. சட்டம் இல்லாத குறை இல்லை. அந்தத் தாள்கள் தமிழில், லயத்துத் தாய்க்குப் புரிகிற நடையில் வந்து சேர்வதுதான் பெரும்பாடு. ஆயரும் சினோடும் இல்லாத சுயாதீன சபைகளில் அதுவும் கிடையாது. பாஸ்டரே நிறுவனர், பாஸ்டரின் மைத்துனரே செயலாளர். அங்கே டீச்சர் நேரே தாய்மாரிடம்தான் பேசுவார்.

குற்றம் சாட்டப்பட்டவரின் நியாயத்தையும் அவர் விட்டுவிடுவதில்லை. விசாரணை முடியும்வரை அவரைப் பிள்ளைகளோடான பணியிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். பிரசங்க மேடையில் அவர் பெயரைச் சொல்லித் தீர்ப்பு வழங்கக் கூடாது. அவருக்கு ஜெபிக்க, பேச, தனியாக ஒருவரை ஒதுக்க வேண்டும். பிள்ளைக்குத் துணை நிற்பவரே அவருக்கும் துணை நிற்கக் கூடாது. பொய்யென்று முடிந்தால் அதையும் சபைக்கு வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இலங்கை ஆலயங்களின் வாசல்களில் பைகளைச் சோதிக்கத் தொடங்கினார்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பள்ளி முடிந்து நின்ற பிள்ளைகளைப் பறிகொடுத்த நாடு, அதைச் செய்யத்தான் வேண்டும். வெளியே இருந்து வரும் ஆபத்துக்கு அத்தனை விரைவாக ஒழுங்கு செய்ய முடிந்ததென்றால் உள்ளே இருப்பதற்கும் முடியும். டீச்சர் கேட்கும் ஒழுங்குகளுக்குப் பெரிய காசு வேண்டாம். டியூஷன் அறைக் கதவில் ஒரு கண்ணாடி. பிள்ளைகளோடு எப்போதும் இரண்டு பெரியவர்கள். தனியொரு பிள்ளையை வேனிலோ ஓட்டோவிலோ ஏற்றிக்கொண்டு போகாதிருத்தல். இளைஞர் குழுத் தலைவர் பிள்ளைகளுக்கு வட்ஸ்அப் அனுப்பினால் தாயோ தகப்பனோ இருக்கிற குழுவில் மட்டும். புதிதாக வரும் தொண்டர் முன்பு எந்தச் சபையில் இருந்தார், ஏன் விட்டார் என்று அந்தச் சபைக்கே தொலைபேசி எடுத்துக் கேட்டல். கடைசியாகச் சொன்னதைச் செய்யத்தான் சபைகள் மிகவும் கூச்சப்படுகின்றன.

முறைப்பாடு கொடுத்த பிறகுதான் நீண்ட பகுதி. முதல் வாரம் எல்லாரும் வருவார்கள். பிறகு தண்ணீர்ப் பீலியில் பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள்; தம்பியைப் பாடசாலையில் கேலி செய்வார்கள். வழக்கு சட்டமா அதிபர் திணைக்களத்துக்குப் போய், நுவரெலியா மேல் நீதிமன்றத்துக்கு வருவதற்குள் ஆண்டுகள் போய்விடும். அழைப்பாணை வரும்போது அந்தப் பிள்ளை கொழும்புப் பக்கம் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிற இளம்பெண். லீவு கேட்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், இரவு ரயிலில் தனியே வர வேண்டும். பல வழக்குகள் கரைந்துபோவது இந்த இடத்தில் என்று டீச்சர் நினைக்கிறார்.

அதனால் இப்போது வருடாந்தக் கூட்டங்களில் அவர் ஒன்றைக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்: சாட்சி சொல்லப் போகும் பிள்ளைக்கான செலவைச் சபையின் வரவு செலவில் தனி வரியாகப் போடுங்கள். சில சபைகள் ஒப்புக்கொண்டன, சில அடுத்த வருடம் பார்ப்போம் என்றன. ஒரு சபையில் பொருளாளர் அதை “ஏழைகள் நிதி” என்ற தலைப்புக்குள் எழுதி வைத்திருந்தார். டீச்சர் அதை வெட்டி, “நீதிமன்றப் பயணம்” என்று புதிதாக எழுதச் சொன்னார். ரயில் காசு, ஓர் இரவு தங்க இடம், கூடவே போகிற பெண்ணுக்கு இழந்த பேருக்கான பணம் என்று மூன்று தொகைகளையும் கேட்டு நிரப்பிவிட்டுத்தான் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தார்.